தவமணியின் பெயரைச் சொன்னபோது

சமயநல்லூர்,
19 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள சுகிர்தம் மதினிக்கு,

ரோகிணி எழுதுவது. நானும் கெசியாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நாக்பூரில் நீங்களும் ஜோயலும் அவன் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும். நான் கத்தினால் பக்கத்து அறையில் கெசியாவுக்கும் கேட்கும். மகன் ஜோயல் வாங்கித் தந்த காது மிஷினை டப்பாவிலிருந்து எடுப்பதே இல்லையாமே? போன வாரம் புகார் சொன்னான். அதனால் கல்லூரியில், வகுப்பில்லாத நேரத்தில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் இன்டர்னல் பேப்பர் கட்டுகள்.

வீட்டுச் செய்தி முதலில். போர்வெல் மோட்டார் மறுபடி எரிந்துபோய், உள்ளே கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி வந்திருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. கெசியா கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாள். பி.எஸ்சி. கணிதம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் ராணுவத்தில் சேர அக்னிவீர் தேர்வு எழுதியது உங்களுக்குத் தெரியும். பெண்களை மிலிட்டரி போலீஸ் பிரிவில் எடுக்கிறார்கள். எழுதட்டும், எத்தனையோ ஆயிரம் பேரில் எங்கே தேறப் போகிறாள் என்று விட்டேன். தேறிவிட்டாள். அடுத்தது ஓட்டமும் மருத்துவப் பரிசோதனையும். தேறிய அன்றைக்கே என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: “அம்மா, நீங்க சரின்னாத்தான் போவேன். வேணாம்னா ஒரு வார்த்தை பேசாம காலேஜுக்குப் போயிருவேன். உங்களக் கஷ்டப்படுத்திட்டுப் போனா அது கர்த்தருக்குப் பிரியமா இருக்காது.”

மதினி, அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை ஞாயிறு பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். வீட்டில் ஒப்புவிக்க வைத்தது நான். அது இப்படி எனக்குக் காவலாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. “பார்க்கலாம்” என்றேன். “வேண்டாம்” என்பதை நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன்.

பதினேழாம் தேதி நம் சபையில் வீரர் நினைவு ஞாயிறு. உங்களுக்கு அந்த ஆராதனை தெரியும். முதலில் பெயர்களை வாசிப்பார்கள். பழைய யுத்தத்தில் போன பாக்கியநாதன் பெயருக்கு அவர் தம்பி மக்கள் எழுந்து நிற்பார்கள். கடைசியில் உங்கள் தம்பி, நம் தவமணி. நானும் கெசியாவும் எழுந்து நிற்போம், மணி அடிக்கும், உட்காருவோம். அதற்குப் பிறகுதான் பிரசங்கம். இந்த வருஷம் சபைக் குருவாக வந்திருக்கும் ரத்தினராஜ் ஐயர் வரிசையை மாற்றிவிட்டார். பிரசங்கம் முன்னால், பெயர்கள் பின்னால்.

எனக்கு அது தெரியாது. முன்வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. மனம் விடைத்தாளில் இருந்தது. பிரசங்கத்தில் நான் காது கொடுப்பதில்லை. குறிப்பாக இந்த ஒரு ஞாயிறில். முதல் வருஷம் “பணியின்போது மரித்த” என்றார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் “எல்லையில்” என்று ஆயிற்று. இப்போது “எதிரியின் முன்னால் இரத்தம் சிந்தி” என்கிறார்கள். யாரும் பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. அன்பினால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். அருணாசலப் பிரதேசத்து மலையில் ரேஷன் லாரி மண்சரிவில் போனது என்று எழுந்து நின்று திருத்தவா முடியும்? வரலாறு நடத்துகிறவள், கண்ணெதிரே ஒரு கதை வளர்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் காதையும் மூடிக்கொள்வேன்.

அப்போது “சகோதரர் தானியேல் தவமணி” என்று கேட்டது. எழுந்து நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெயருக்கு எழுந்து நின்ற கால்கள். என்னைக் கேட்கவில்லை.

மணி அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சபையில் வேறு யாரும் நிற்கவில்லை. கெசியாவும் நிற்கவில்லை. உட்கார்ந்தபடி வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் என்ன சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. “நம் சகோதரர் தானியேல் தவமணியைப் போல, தன் பிள்ளையையும் தேவனுக்கும் தேசத்துக்கும் ஒப்புக்கொடுக்க மனதுள்ள தாய் தகப்பன் யாராவது இந்தச் சபையில் இருந்தால், எழுந்து நில்லுங்கள்.”

சபையே “ஸ்தோத்திரம்” என்றது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். ஐயர் இறங்கி வந்து கெசியாவின் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். இது பொருத்தனை, தேவனுக்குக் கொடுத்த வாக்கு என்றார். வேதத்தில் பிள்ளையை ஆலயத்துக்குக் கொடுத்த தாயோடு என்னை ஒப்பிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கெசியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நேரா எங்கிட்டச் சொல்லியிருந்தா பத்தாதாம்மா? கர்த்தர் முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லிட்டீங்களே!” கறிக்குழம்பு அடுப்பில் இருந்தது. அடிப்பிடிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நான் கேட்பது இதுதான். அவள் யார் சொல்லையும்விட உங்கள் சொல்லைக் கேட்பாள். தெரியாமல் செய்த பொருத்தனை கட்டாது என்று வேதத்திலிருந்து எடுத்துக் காட்டி அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வசனம் என்று உங்களுக்குத் தெரியும். நான் எடுத்துச் சொன்னால் அது பாடம் நடத்துவது போல் இருக்கும்.

மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
ரோகிணி


சமயநல்லூர்,
21 செப்டம்பர் 2025.

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் பதில் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஒரு மாதத்துக்குக் குனிந்து எதையும் தூக்காதீர்கள் என்று ஒரு நர்ஸுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றதற்கு என்ன எழுத. “நான் எழுதினால் அவள் கேட்பாள், அதனால்தான் எழுதவில்லை. நீ பெற்ற பிள்ளை, நீயே சொல்லு” என்று முடித்துவிட்டீர்கள். படித்துவிட்டுக் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

சொல்ல முயலாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் ஐயரிடம் போனேன். நல்ல மனிதர்தான், மதினி. வயதும் நம் தவமணி இருந்தால் இருக்கும் வயது. ஐயரம்மா காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு நகரவே இல்லை. அந்த அம்மா முன்னாலேயே சொன்னேன். நான் கவனிக்கவில்லை, பெயர் கேட்டு எழுந்து நின்றேன், வரிசை மாறியது எனக்குத் தெரியாது என்று. ஐயர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. “எத்தனையோ பேர் தெரிஞ்சே எந்திரிச்சு நிக்கிறாங்கம்மா. வீட்டுக்குப் போய் மறந்துர்றாங்க. நீங்க தெரியாம எந்திரிச்சீங்க, தூக்கமில்லாம எங்கிட்ட வந்திருக்கீங்க. இதுல எதப் பொருத்தனைன்னு சொல்றது?” என்றார்.

முனைவர் பட்டத்துக்காக எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன். இங்கே காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு அவரே, “வேணும்னா வர்ற ஞாயிறு நானே சபையில அறிவிச்சுடறேன், தப்பா நடந்துபோச்சுன்னு” என்றார். அப்போதுதான் அந்தக் காட்சி என் கண்முன் ஓடியது. என்ன அறிவிப்பார்? தவமணியின் மனைவி இத்தனை வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து எதையும் கேட்கவில்லை என்றா? கெசியா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலையில் பல் தேய்த்துத் தலை பின்னி நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போன ஞாயிறுகள் எல்லாம் அவளுக்கு என்னவாகும்? அறிவிக்க வேண்டாம் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. கடைசி லீவு முடிந்து கிளம்பும்போது தவமணி என்னிடம் கேட்டது ஒன்றுதான். “நீ நம்புறியோ இல்லையோ, அது ஒன் இஷ்டம். புள்ளைய மட்டும் சர்ச்சுக்கு விடாமக் கூட்டிட்டுப் போயிரு ரோகிணி.” நான் ஞானஸ்நானம் எடுத்ததே கல்யாணத்துக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே அந்த ஒன்றைக் குறைவில்லாமல் செய்தேன். வசனம் ஒப்புவிக்கும்போது ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பேன். வேதப் பரீட்சையில் அவள் முதல் பரிசு வாங்கியபோது, பயிற்சி கொடுத்தவர் யார் என்று பேராயர் கேட்டார். அம்மா என்றாள். நான் தயார் செய்த பிள்ளை, மதினி. பரீட்சைக்கு என்று நினைத்துத் தயார் செய்தேன். அவள் அதை நம்பிவிட்டாள்.

இந்தச் செய்தி என் பிறந்த ஊர் எழுமலைக்கும் போய்விட்டது. எங்கள் அண்ணன் அருள்பாண்டி பருத்திக்கு மருந்தடிப்பதை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலிலேயே ஆரம்பித்தார். “ஏம்மா, மாப்ளயத்தான் கொடுத்தாச்சு. ஒங்க சாமிக்கு ஒரு வீட்டுல ஒரு ஆளு பத்தாதாமா? எம்புட்டுத்தான் கேப்பாரு?” கெசியா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, “மாமா, சாமி கேக்கல. நான்தான் கேட்டேன்” என்றாள். அண்ணன் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். “இது யாரு பேசுற பேச்சு? ஒங்கப்பன் பேசுற பேச்சுல்ல இது” என்றார். அதற்குமேல் அவரால் கோபப்பட முடியவில்லை. என் பக்கம் சண்டை போட வந்தவர், சாயங்காலம் அவளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். “ஓடுற புள்ள, தெம்பு வேணும்.” போகும்போது என்னிடம் மட்டும், “நீ வேணாம்னு ஒரு சொல்லுச் சொல்லு. நான் பாத்துக்கிறேன்” என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் தினமும் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓடுகிறாள். முதலில் தனியாக ஓடினாள். இப்போது ஊரே ஓட வைக்கிறது. கரை முடிகிற இடத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் மாயக்காள் அவளுக்காக இரண்டு முட்டை அவித்து வைத்திருக்கிறாள். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. “எஞ்சாமி, நம்மூருப் புள்ள துப்பாக்கி தூக்கப் போகுதுல்ல. முட்டைக்கா காசு வாங்குவேன்?” என்கிறாள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போன வாரம் எனக்குச் சால்வை போட்டார்கள். மறுத்தால் அவமதிப்பு, வாங்கினால் சம்மதம். வாங்கிக்கொண்டேன். அது இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே பீரோவில் இருக்கிறது. கல்லூரியில்கூட முதல்வர் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். ஒருவராவது கெட்டவராக இருந்தால் அவரோடு சண்டை போட்டு வெளியே வந்துவிடலாம். அதற்கும் வழியில்லை.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. நான்கு வருஷ வேலை, அதற்குப் பிறகு நிச்சயமில்லை, படிப்பு பாதியில் போகும் என்றெல்லாம் எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் இறந்த செய்தி வந்த அன்று நம் வீட்டு வாசலில் நின்ற அந்த இரண்டு பேர் போட்டிருந்த பூட்ஸ், அதன் மேல் இருந்த தூசி, இவையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அதை யாரிடமும் சொல்வதில்லை.

அறுப்பின் பண்டிகை ஆராதனையில், கர்த்தர் நடத்திய வழியைச் சாட்சியாகச் சொல்ல அவளைக் கேட்டிருக்கிறார்கள். ஓட்டம் அடுத்த மாதக் கடைசியில், வேலூரில். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டதால் இனி கேட்கவில்லை.

உங்கள்,
ரோகிணி


சமயநல்லூர்,
14 அக்டோபர் 2025.

அன்பு மதினிக்கு,

சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை அவளுக்கு ஓடுவதற்கு ஷூ எடுக்க டவுன் ஹால் ரோட்டுக்குப் போனோம். பழைய ஷூவின் அடிப்பாகம் கழன்றுவிட்டது. நூல் போட்டுக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். தீபாவளிக் கூட்டம். ரோட்டில் நடக்க இடமில்லை. கடைக்குள் மட்டும் ஏ.சி.யில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கடைக்காரப் பையன் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து கயிறு கட்டும்போது, முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“கெசி, அன்னைக்குச் சர்ச்சுல நான் அதுக்காக எந்திரிக்கல. ஐயர் என்ன சொன்னாருன்னே எனக்குத் தெரியாது. அப்பா பேரைச் சொன்னாங்க, எந்திரிச்சேன்” என்றேன்.

அவள் நிமிரவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். “தெரியும்மா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

“நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். நீங்க ஃபேனையே பாத்துட்டு இருந்தீங்க. எப்பவும் அப்படித்தான் பாப்பீங்க. நான் சின்னப் பிள்ளைல இருந்து பாக்குறேன். பேரு வந்ததும் டக்குன்னு எந்திரிச்சீங்க.” அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஆனா நீங்க உக்காரலையேம்மா.”

மதினி, நான் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பையன் இன்னொரு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்படி உட்காருவது என்று சொல்லலாம். அது உண்மை. அவளுக்கும் தெரியும். ஆனால் அது முழுக்க உண்மையா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஐயர் அவள் தலையில் கைவைத்த அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு எழுத்து, ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. நிற்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

அவளே மேலும் பேசினாள். எனக்காகப் பேசுகிற மாதிரிப் பேசினாள். “அப்பா ரேஷன் லாரியில போனது எனக்குத் தெரியும்மா. எட்டாவது படிக்கும்போதே அத்தை சொல்லிட்டாங்க.”

நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை. இதற்கு நான் தனியாக ஒரு நாள் கோபப்படப் போகிறேன். இப்போது அதற்குத் தெம்பில்லை.

“அப்ப ஏன்டி ஒவ்வொரு வருஷமும் அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த?” என்றேன்.

“பாவம், அவங்க ஆசையாச் சொல்றாங்க. இரத்தம்னு சொன்னா அவங்களுக்குத் திருப்தி. எனக்கு லாரிதாம்மா பிடிச்சிருக்கு. மலைமேல இருக்குறவங்களுக்கு உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் வேணும்ல? யாராவது கொண்டு போகணும்ல?” இதைச் சொல்லிவிட்டு, ஷூவோடு எழுந்து கடைக்குள்ளேயே நான்கு எட்டு நடந்து பார்த்தாள். கண்ணாடியில் காலைப் பார்த்தாள்.

பிறகு என் முன்னால் வந்து நின்றாள். பரீட்சை முடிவு வந்த அன்று நின்றது போலவே. “இப்ப சர்ச் இல்ல. ஐயர் இல்ல. நீங்களும் நானும்தான். வேணாம்னா சொல்லுங்க. சத்தியமாப் போகல. மனசுல வச்சுக்கவும் மாட்டேன். பொருத்தனையெல்லாம் நான் கர்த்தர்கிட்டப் பேசிக்கிறேன்” என்றாள்.

ஆகஸ்டிலிருந்து அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். அதை எப்படியாவது அவள் மறுபடி கேட்டுவிட வேண்டும் என்று. கேட்டுவிட்டாள். இனி ஐயர்மேல் பழி போட முடியாது, சபைமேல், மாயக்காள் முட்டைமேல், யார்மேலும் போட முடியாது. கதவை யாரோ வெளியே பூட்டிவிட்டார்கள் என்று இத்தனை நாள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தேன். சாவி என் கையில்தான் இருந்திருக்கிறது, மதினி. ஆனால் அதைத் திருப்ப என் கை வரவில்லை. வேண்டாம் என்றால் அவள் அப்படியே கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். என்னைத் திட்ட மாட்டாள். எனக்காகக் காப்பி போடுவாள். தினமும் என் முன்னால் சிரித்துக்கொண்டு நடமாடுவாள். அப்படி ஒரு நல்ல பிள்ளையோடு நான் எப்படி இருப்பேன்? சரி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைக்காரப் பையன் வந்து, “என்னம்மா, இதையே போட்டுருவமா? அக்கா காலுக்கு அளவாத்தான் இருக்கு” என்றான்.

“ஒரு நம்பர் பெரிசா எடுங்க. ஓடும்போது கால் வீங்கும்” என்றேன்.

கெசியா என் தோளில் கையை வைத்தாள், ஷூவைக் கழற்றுவதற்குப் பிடிமானத்துக்கு வைத்தது போல. அந்தக் கையை எடுக்க நேரமாயிற்று. பையன் உள்ளே போய்ப் பெரிய அளவு தேடி எடுத்து வந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆரப்பாளையம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் அண்ணனுக்குப் போன் செய்து, நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்றேன். “அழுகுறியா?” என்றார். இல்லை என்றேன். “நான் அழுகுறேன், போனை வையி” என்றார்.

வேலூருக்கு நானே கூட்டிப்போகிறேன். முந்தின நாளே போய் மகளிர் விடுதியில் தங்குவோம். அதிகாலையில் மைதானத்துக்குள் பிள்ளைகளை மட்டும்தான் விடுவார்களாம். பெற்றவர்கள் வெளியே ரோட்டோரம் நிற்க வேண்டும். எங்கேயோ இருந்து வந்த அம்மா அப்பாக்கள் எல்லோரும் நிற்பார்கள். நானும் நிற்பேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது.

மதினி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆகஸ்டில் கேட்டதைப் போல் இல்லை. அவளைத் தடுக்கச் சொல்லி எழுத மாட்டேன், தூண்டச் சொல்லியும் எழுத மாட்டேன். நீங்கள் விடியற்காலையில் எழுந்து முழங்கால் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆனபிறகும் விட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு, அந்த நேரத்தில், அவளுக்காகக் கேளுங்கள். தேற வேண்டும் என்று கேளுங்கள் என்று எழுத நினைத்தேன், கை நின்றுவிட்டது. தேறக் கூடாது என்று கேளுங்கள் என்றும் எழுத முடியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு இரண்டும் தெரியும்.

நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று என்னிடம் ஒருநாளும் சொல்ல வேண்டாம். கேளுங்கள், அவ்வளவுதான்.

உங்கள்,
ரோகிணி